கடைசி மேசை லவங்கம்மா

மோதிர விரலின் நுனியைக் குப்பியின் வாயில் வைத்து ஒரே ஒரு தடவை கவிழ்க்கிறாள். முதலில் வலது காதுக்குப் பின்னால். பிறகு இடது. பிறகு இரண்டு மணிக்கட்டுகளிலும் தொட்டு, ஒன்றோடொன்று தேய்த்துக்கொள்கிறாள். எல்லாம் முடிந்தபின் விரலில் மிச்சமிருக்கும் ஈரத்தை மூக்குக்கு நேர் கீழே, மேலுதட்டுப் பள்ளத்தில் ஒரு புள்ளியாக வைக்கிறாள். அப்படியே கண்ணை மூடி ஒரு மூச்சு. ஒன்பது மணிக்கு லாண்டரியின் ஷட்டர் ஏறுவதற்குள் இத்தனையும் வாசலிலேயே முடிந்துவிடும். ஷட்டர் ஏறியதும் கிராம்பு வாசனை முதலில் உள்ளே போகும், அவள் பின்னால் போவாள்.

மேலுதட்டில் வைக்கும் அந்தப் புள்ளிதான் கவுன்டர்காரருக்கு உறுத்தல். காதுக்குப் பின்னால் பூசினால் அது அடுத்தவருக்காக. மணிக்கட்டில் பூசினால் பாதி தனக்கு, பாதி ஊருக்கு. மூக்குக்கு அடியில் யாராவது பூசுவார்களா? வேறு ஏதோ வாசனை மூக்கில் ஏறக் கூடாது என்று நினைக்கிறவள்தான் பூசுவாள். எந்த வாசனை?

அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பதிவேட்டில் இருக்கிறது. மற்ற இடங்களில் அவள் லவங்கம்மா. கிராம்பை லவங்கம் என்றே சொல்லும் இஸ்திரிக்காரர் வைத்த பெயர் அது. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். ஒருநாள் வாய் தவறி நேரிலேயே கூப்பிட்டுவிட்டார்கள். "ஏன், நல்லாத்தானே இருக்கு? எங்கம்மா வெச்ச பேரை விட இது பொருத்தம்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

வேலை கடைசி மேசையில். துவைத்து, காய்ந்து, இஸ்திரி போட்டு வரும் ஒவ்வொரு துணியும் உறைக்குள் போவதற்கு முன்பு அந்த மேசையைத் தாண்ட வேண்டும். காலர், கைமடிப்பு, பட்டன் எல்லாம் பார்ப்பாள். பிறகு கையை உள்ளே விட்டுத் துணியின் அக்குள் பகுதியை வெளியே இழுத்து, முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பாள். வலது, இடது, கடைசியாகக் கழுத்து. தலையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு பாலிதீன் உறையைப் போட்டுக் கம்பியில் மாட்டுவாள். அவள் வந்த இரண்டு வருஷத்தில் 'இன்னும் நாறுது' என்று ஒரு துணிகூடத் திரும்பி வந்ததில்லை.

வாசனை மட்டும் எல்லோரையும் ஒவ்வொரு விதமாகப் பிடித்து ஆட்டியது. இஸ்திரிக்காரர் காலையில் மூன்று தும்மல் போட்டுவிட்டுத்தான் பெட்டியைச் சூடாக்குவார். முதலாளிக்குப் பல் பிடுங்கிக்கொண்ட நாற்காலி ஞாபகம் வரும். அவள் அருகே வரும்போதெல்லாம் தாடையைத் தடவிக்கொள்வார். சட்டை வாங்க வரும் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் ரசீதை நீட்டிவிட்டு, மூச்சை ஆழமாக இழுத்தபடி வேண்டுமென்றே கொஞ்ச நேரம் நிற்பார். அம்மாவோடு வந்த ஒரு சின்னப் பெண் நேராகவே கேட்டது: "ஆன்ட்டி, நீங்க மருந்துக் கடையா?"

"ஆமாடா கண்ணு. உனக்கு எங்க வலிக்குது?" என்றாள் லவங்கம்மா.

பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து இருக்கை பெரும்பாலும் காலி. அதில் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொள்வாள். "ஒரு டிக்கெட்டு, ரெண்டு சீட்டு. இந்தக் குடுப்பினை யாருக்கு இருக்கு?" என்று மறுநாள் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கும்போதும் அவள் கண்கள் எதிராளியின் முகத்தை விட்டு நகராது. அதுவும் கவுன்டர்காரருக்குப் பிடிக்காது. சிரிப்பவள் ஏன் கவனிக்கிறாள்?

கவுன்டர்காரருக்கும் ஒரு பெயர் உண்டு: போலீஸ் அண்ணன். பத்தொன்பது வருஷமாக ஊரார் சட்டைப்பைகளைத் துணி வாங்கும்போதே கவுன்டரில் கவிழ்த்துப் பார்ப்பவர். வெளியூர் போயிருந்தேன் என்பவரின் பையில் உள்ளூர் சினிமா டிக்கெட் இருக்கும். சர்க்கரை வியாதிக்காரரின் கோட்டில் மிட்டாய்க் காகிதம் ஏழு இருக்கும். எதுவாக இருந்தாலும் ஒரு கவரில் போட்டு, மேலே பின் அடித்து, துணியோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். ஆனால் மனசுக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருக்கும். லவங்கம்மாவின் வழக்குதான் தீராமல் கிடந்தது.

"தண்ணி போடுறா. அதை மறைக்கத்தான்" என்பது இஸ்திரிக்காரரின் கட்சி.

"தண்ணி போட்டா பட்டன் இவ்வளவு நேரா தைக்க முடியுமா?"

"அப்ப சிகரெட்டு."

"விரலைப் பாத்தியா? மஞ்சளே இல்ல."

"எல்லாத்தையும் பாத்து வெச்சிருக்கீங்களே! நீங்க அவளைச் சந்தேகப்படுறீங்களா, இல்ல பொண்ணு பாக்கப் போறீங்களா?"

போலீஸ் அண்ணன் ரசீதைக் கிழித்தார்.

சந்தேகம் முற்றியதற்குக் காரணம் ஒரு வக்கீலின் கருப்பு அங்கி. நீதிமன்றத்தில் அவர் வாதாட எழுந்து கையை வீசியதும் அங்கியிலிருந்து வந்த கிராம்பு நெடியில் பக்கத்து வக்கீல் விடாமல் தும்மினாராம். வாதத்தை விடத் தும்மல் நீண்டதாம். அங்கிக்காரர் நேரில் வந்து புகார் நோட்டில் அரைப் பக்கம் எழுதினார். முதலாளி லவங்கம்மாவைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார்.

"ஏம்மா, துணியில நம்ம வாசனை ஒட்டக் கூடாது. இன்னொரு புகார் நோட்டுல ஏறுச்சுன்னா கடைசி மேசைக்கு வேற ஆளைப் பாத்துக்குவேன்."

"சரிங்க. கொறைச்சுக்கறேன்" என்றாள்.

மறுநாள் காலை போலீஸ் அண்ணன் வாசலில் நின்று எண்ணிப் பார்த்தார். வலது காது, இடது காது, இரண்டு மணிக்கட்டு, மேலுதடு. ஒன்றும் குறையவில்லை. வேலை போகும் என்று தெரிந்தும் ஒருத்தி பூசுகிறாள் என்றால் அது வெறும் அலங்கார ஆசை இல்லை என்று அவருக்கு உறுதியாகிவிட்டது.

ஒரு மதியம் அவள் சாப்பிடாமல் வெளியே போனாள். அவரும் தலைவலி மாத்திரை வாங்குவதாகச் சொல்லிவிட்டுப் பின்னால் போனார். இரண்டு தெரு தள்ளி, கண்ணாடிக் குப்பிகள் அடுக்கிய ஒரு சின்ன சென்ட் கடை. எதிர்ப்பக்கம் செருப்புக் கடையில் செருப்பு பார்ப்பதுபோல நின்றுகொண்டார். சென்ட் கடைக்காரர் காகிதக் கீற்றுகளை ஒவ்வொன்றாக நனைத்து நீட்டினார்.

"இது ரோஜா. புதுசா வந்தது." அவள் மூக்கருகே பிடித்தாள். வெறும் காகிதத்தைத் திருப்பித் தருவதுபோலத் தந்துவிட்டாள்.

"மல்லிகை?" அதுவும் அப்படியே. சந்தனமும் அப்படியே. கடைசியில் அவரே சலித்துப்போய் அந்தக் கறுத்த குப்பியைத் திறந்தார். கிராம்பு, அதற்கு அடியில் மிளகு, பட்டை, காய்ந்த ஆரஞ்சுத் தோல். கீற்று வந்ததும் அவள் கண்ணில் நீர் கோத்தது. முகம் மலர்ந்துபோனது.

"இன்னும் கொஞ்சம் கிராம்பு ஊத்துங்க."

"இதுக்கு மேல ஊத்தினா இது சென்ட் இல்லம்மா. பல்வலி மருந்து."

"பரவால்ல, ஊத்துங்க."

போலீஸ் அண்ணன் தன் அளவுக்குப் பொருந்தாத ஒரு செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றார். ரோஜாவுக்கு அசையாத முகம் கிராம்புக்கு அழுகிறது. அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் வழக்கு ஒரு திக்கில் திரும்பியது. அதைச் சோதிக்க ஒரு பொறி வைத்தார்.

இரண்டு நாள் போட்டுக் கழற்றிய தன் சட்டையைத் துவைக்காமல் அப்படியே இஸ்திரிக்காரரிடம் கொடுத்தார். ஆவி பட்டதும் அது எழுப்பிய நாற்றத்தில் இஸ்திரிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அண்ணே, இதைத் தேய்க்கறதுக்கு எனக்குத் தனியா படி குடுக்கணும்." பொய்யான ஒரு எண் சீட்டுக் குத்தி, மற்ற துணிகளுக்கு நடுவில் வைத்து, சட்டை கடைசி மேசைக்குப் போனது.

லவங்கம்மா எடுத்தாள். காலர், கைமடிப்பு, பட்டன். வலது அக்குளை மோந்தாள். இடது. கழுத்து. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. தலையை ஆட்டினாள். உறையைப் போட்டாள். ஆனால் கம்பியில் மாட்டவில்லை. நேராகக் கவுன்டருக்கு வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"இந்தாங்கண்ணே, உங்க சட்டை."

"என்னோடதுன்னு யார் சொன்னா?"

"காலர்ல தலைச்சாயம் இருக்கு. கீழேருந்து மூணாவது பட்டன் வேற நூல்ல தைச்சிருக்கு. ரெண்டு நாளா உங்க வயித்து மேல அதைத்தானே பாத்தேன்?"

போலீஸ் அண்ணன் தோற்காத குரலில் கேட்டார். "நாத்தம் இருக்கா, இல்லையா?"

அவள் கண்ணாடி அறையை ஒருமுறை பார்த்தாள். முதலாளி போனில் இருந்தார்.

"இருக்கணும். இல்லாட்டி என்கிட்ட அனுப்பியிருக்க மாட்டீங்களே."

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "மூணு வருஷம் ஆச்சுண்ணே. ஒரு காய்ச்சல் வந்துச்சு. போறப்ப மூக்கையும் சேத்து எடுத்துக்கிட்டுப் போயிருச்சு. அடுப்புல பால் தீஞ்சு வீடே புகை. நான் திரும்பி உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்கேன். என் பொண்ணு ஓடி வந்து அணைச்சா."

"அப்ப இந்த சென்ட்டு?"

"வாசனை தெரியாது. ஆனா குத்தும். மூக்குக்குள்ள ஊசி மாதிரி. அது ஒண்ணுதான் உள்ள வந்து சேருது. அதுவும் இல்லாட்டி நாள் பூரா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கிற மாதிரி இருக்குண்ணே. எல்லாரும் இருக்காங்க, எதுவும் இல்ல."

"மூக்கு இல்லாம ரெண்டு வருஷமா இந்த மேசையில..."

"கையில தெரியும். வேர்வை போகாத துணி காஞ்சாலும் விறைப்பா நிக்கும். எண்ணெய் மிச்சமிருந்தா விரல் வழுக்கும். துவைக்கற மருந்து சரியா ஆவியாகலேன்னா உதட்டுல வெச்சா சில்லுனு இருக்கும். மோந்து பாக்கறேன்னு நினைக்கறீங்க. நான் உதட்டை வெச்சுப் பாக்கறேன்."

"சிகரெட்டு?"

முதல் தடவையாக அவள் கண் தாழ்ந்தது. "அதுதான் கைக்கு அகப்படாது. நீங்க காலையில பையைக் கவுக்கும்போது பாத்துக்குவேன். புகையிலைத் தூள் விழுந்தா அந்தத் துணியை மனசுல வெச்சுக்குவேன். மறுபடியும் துவைக்க அனுப்பிருவேன்."

இரண்டு வருஷமாகத் தான் அவளை வேவு பார்த்ததாக நினைத்திருந்தவருக்கு, தன்னையும் இரண்டு கண்கள் வேவு பார்த்திருக்கின்றன என்பது அப்போதுதான் உறைத்தது.

"முதலாளிகிட்ட சொல்லிருவீங்களா? இந்த வயசுல வேற லாண்டரிக்குப் போனா முதல்ல மூக்கைத்தான் கேப்பாங்க."

"பாக்கலாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நம்பினாரா என்றால், பாதி. அடுத்த இரண்டு நாளும் சோதனை நடந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் வினிகர் பாட்டிலைத் திறந்து வைத்தார். அவள் திரும்பவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பாச்சை உருண்டையை அவள் தட்டருகே உருட்டிவிட்டார். எடுத்துப் பார்த்து, "இது உங்களோடதா?" என்று நீட்டினாள். தெரிந்தும் நடிக்கிறாளோ? பொழுது போகாமல் கதை கட்டுகிறாளோ? ஒரு கோட்டைப் பார்த்ததும் அதை யார், எப்போது, எதற்காகப் போட்டார்கள் என்று சொல்லிவிடும் அவருக்கு, இவளைப் படிக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் காலை. நில அளவையாளர் ஒருவரின் நீலக் கோட் வந்தது. பையைக் கவிழ்த்தார். கருகிய தீக்குச்சி இரண்டு, ஒரு சிட்டிகை புகையிலைத் தூள். பழக்கத்தில் அவர் கண் கடைசி மேசைக்குப் போனது. லவங்கம்மா பின்கட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். பார்க்கவில்லை. கோட்டை அழுக்குக் குவியலின் மேல் போட்டார்.

அடுத்து வந்தது ஒரு பெண். நல்ல உடை, அமைதியான முகம். ஒருமுறை போட்டுக் கழற்றி, இந்தக் கடையின் உறைக்குள்ளேயே திருப்பி வைத்த பழுப்புக் கோட்டைக் கவுன்டரில் வைத்தாள்.

"இது என் வீட்டுக்காரரோடது. இதுல ஒரு வாசனை இருக்கு. உங்க கடையில அந்த மாதிரி ஏதாவது போடறீங்களா?"

பத்தொன்பது வருஷமாக இந்தக் கேள்விக்கு ஒரே பதில். யோசிப்பதற்கு முன்பே அது வாயிலிருந்து வந்துவிட்டது. "எங்க கடையில வாசனை எதுவும் சேக்கறதில்ல மேடம்."

அவள் சத்தம் போடவில்லை. "அதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்" என்றாள். "லாண்டரியில ஒட்டியிருக்கும்னு சொன்னார்." கோட்டை மெல்ல மடித்தாள். கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். கடையைக் காப்பாற்றும் வாக்கியம் ஒரு குடும்பத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தது. மாற்றிச் சொன்னால் அது லவங்கம்மாவின் மேல் இரண்டாவது புகார்.

"அம்மா, நில்லுங்க." லவங்கம்மா தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். மணிக்கட்டை நீட்டினாள். "அது என்னோடது. மோந்து பாருங்க."

அந்தப் பெண் குனிந்து மோந்தாள். நிமிர்ந்தபோது முகம் இன்னும் இறுகியிருந்தது. லவங்கம்மாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"என் வீட்டுக்காரரை உனக்கு எத்தனை நாளாத் தெரியும்?"

"அவரைத் தெரியாதுங்க. அவர் கோட்டைத்தான் தெரியும்."

இஸ்திரிக்காரர் பெட்டிக்குப் பின்னால் குனிந்து சிரிப்பை அடக்கினார்.

"இதெல்லாம் பேச்சுக்கு நல்லா இருக்கு" என்றாள் அந்தப் பெண்.

"மேடம், கோட்டைக் குடுங்க." போலீஸ் அண்ணன் கையை நீட்டினார். இந்த இடத்தில் அவர் நிஜமாகவே போலீஸ் ஆனார். கோட்டைக் கவுன்டரில் விரித்தார். "தோள்பட்டையை மோந்து பாருங்க. இல்லையா? மார்புப் பக்கம்? முதுகு?"

"இல்ல."

உள்ளே கையை விட்டு அக்குள் துணியை வெளியே இழுத்தார். "இப்ப?"

அவள் முகத்தைப் பின்னுக்கு இழுத்தாள். "இங்கதான்."

"கட்டிப் புடிச்ச வாசனைன்னா வெளியில இருக்கும். இது ரெண்டு அக்குள்லயும் கழுத்துக்கு உள்பக்கமும் மட்டும் இருக்கு. இந்த மூணு இடத்துலதான் இந்தம்மா கையை விட்டுப் பாப்பாங்க, எல்லாத் துணியிலயும். நீங்களே சொல்லுங்க, எந்தப் பொம்பளை உங்க வீட்டுக்காரர் அக்குளுக்குள்ள ரெண்டு மணிக்கட்டையும் விட்டுக்கிட்டு நிப்பா?"

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் தளர்ந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு கோட்டைக் கையில் போட்டுக்கொண்டாள். வாசலில் ஒருமுறை திரும்பினாள்.

"வாசனை நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க வீட்டுக் கோட்டுல வேண்டாம்."

கண்ணாடி அறையின் கதவு திறந்திருந்தது. முதலாளி எப்போது வெளியே வந்தார் என்று யாரும் பார்க்கவில்லை.

"நோட்டுல எழுதிட்டீங்களா?"

"அவங்க புகார் சொல்லலீங்க. ஒரு சந்தேகம் கேட்டாங்க" என்றார் போலீஸ் அண்ணன்.

"எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கு." முதலாளி தாடையைத் தடவிக்கொண்டார். "ஏம்மா, இவ்வளவு காரத்தை மூக்குக்கு அடியிலேயே வெச்சுக்கிட்டா, மத்த வாசனை உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியுங்க."

"தெரியுமா?" குவியலின் மேலிருந்த நீலக் கோட்டை எடுத்தார். தானே ஒருமுறை மோந்து முகத்தைச் சுளித்தார். கவுன்டருக்கு முதுகைக் காட்டி நின்று அதை அவளிடம் நீட்டினார். "இதுல என்ன நாத்தம்? சொல்லு."

லவங்கம்மா வாங்கிக்கொண்டாள். கட்டைவிரல் அக்குள் துணியை அழுத்திப் பார்த்தது. விறைப்பு இல்லை. விரல் வழுக்கவில்லை. முகத்தை அதில் புதைத்து உதட்டை வைத்தாள். சில்லென்று எதுவும் இருந்திருக்காது. மறுபடியும் மூச்சை இழுத்தாள்.

"என்னம்மா, தெரியலையா?"

இஸ்திரிப் பெட்டியின் ஆவி ஒருமுறை சீறி அடங்கியது. கோட்டின் விளிம்புக்கு மேல் அவள் கண்கள் மட்டும் தெரிந்தன. கண்ணைக் கட்டிவிட்ட பிள்ளை சுவரைத் தேடுவதுபோல அவை முதலாளியின் தோளைத் தாண்டிக் கவுன்டருக்கு வந்தன.

போலீஸ் அண்ணன் பேனாவைக் கீழே வைத்தார். வலது கையின் இரண்டு விரல்களைச் சேர்த்து உதட்டருகே கொண்டுபோய், கன்னம் குழிய, மெதுவாக மூச்சை உள்ளே இழுத்தார்.